உன் மகள் வைத்த டேட்டாபேஸ் பற்றி அக்காள் எழுதுவது

பெரியநாயக்கன்பாளையம்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி தம்பி பாலகோபாலுக்கு உடன்பிறந்த அக்காள் ரங்கம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும், இரண்டு லேத்தும், டிரில்லிங் மெஷினும், பம்பு டெஸ்ட் பண்ணுகிற தண்ணீர்த் தொட்டியும் சுகம். ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. அவ்விடம் நீயும் உன் சம்சாரமும் கொப்பரைக் களமும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பெற்ற பெண்ணை அக்காள் தலையில் கட்டிவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிறவர்களுக்குச் சுகத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நேற்று போன் போட்டு விஷயத்தை ஆரம்பித்ததுமே "களத்துல டவர் இல்லீங்கக்கா" என்று வைத்துவிட்டாய். போன மாதம் உன் தேங்காய்க்கு நல்ல விலை வந்தபோது மட்டும் அதே களத்திலிருந்து முக்கால் மணி நேரம் பேசினாய், அப்போது டவர் இருந்தது. கடிதத்துக்கு டவர் வேண்டியதில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுவதும் படி.

நவ்யாவை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று சாதிக்காதே. "அக்கா, புள்ள கம்ப்யூட்டர்ல புலிங்க. சென்னை வேலைய உட்டுப்போட்டு வந்து சும்மா உக்காந்திருக்கறா. ஒரு மாசம் உங்க கம்பெனில வெச்சுப் பாருங்க. தேறுனா நீங்களே வெச்சுக்கங்க. தேறலைன்னா சொல்லுங்க, வந்து கூட்டியாந்து நம்ம களத்துலயே கணக்கெழுத உட்டுடறேன்." நானும் சரி என்றேன். நான் பெற்ற சைதன்யா கனடாவில் வாசலில் விழுந்த பனியை வாரிக்கொட்டிக்கொண்டு அதைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறான், அவன் இனித் திரும்பி வந்து பம்புக் கம்பெனி பார்க்கப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் மாமா என்னைத் தனியாக விட்டுப் போனதற்கப்புறம் இந்த ஷெட்டில் சொந்தம் என்று யாரும் உட்காரவில்லை. சரி, தம்பி பெண் தேறினால் தேறட்டும் என்று நினைத்தேன். நினைத்தது என் தப்பு.

வந்த வாரமே ஆரம்பித்துவிட்டாள். பில்லும் ஸ்டாக்கும் போடுகிற பழைய புரோகிராம் செத்துப்போனது உனக்குத் தெரியும், அதை விற்றவன் கடையை மூடிக்கொண்டு போய்விட்டான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். வாங்க வேண்டாமாம். டேட்டாபேஸ் என்று ஒன்று இனாமாகவே கிடைக்கிறதாம், அதை அடியில் வைத்து மேலே நமக்கு வேண்டிய மாதிரி புரோகிராம் இவளே எழுதுவாளாம். இனாமாகக் கொடுப்பவன் யார், ஏன் கொடுக்கிறான் என்று கேட்டேன். உலகம் பூராவும் பல பேர் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுக்கிறார்களாம். தம்பி, நம் ஊரில் கோயில் பிரசாதத்தைக்கூட வரிசையில் நிற்க வைத்துத்தான் கொடுக்கிறான். சரி, இனாமாகவே இருக்கட்டும், ரெடிமேடாக எடுத்துப் போடு என்றேன். அதுவும் முடியாதாம். நம் மெஷின் பழசு, ரெடிமேடு அதில் உட்காராது, அவர்கள் எழுதின மூலத்தை இறக்கி நாமே கட்டிக்கொள்ள வேண்டுமாம். கடையில் பாக்கெட் மாவு இருக்கும்போது நான் ஆட்டித்தான் இட்லி சுடுவேன் என்கிறவள் கதை இது. அதுவும் யார்? உங்கள் வீட்டில் ஒரு நாள் கிரைண்டர் சுவிட்சைப் போட்டிருப்பாளா அவள்?

கட்டி முடித்ததும் அதற்கு ஒரு டெஸ்ட் உண்டாம். இருநூறு சொச்சம் கேள்வி, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் அதை வேலைக்கு வைக்கலாமாம். இந்த ஒரு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, நாமும் பம்பைத் தொட்டியில் ஓட்டிப் பார்த்து, பிரஷர் பார்த்து, அப்புறம்தானே பெயின்ட் அடிக்கிறோம். ஆனால் ஓட்டின உடனே என்ன ஆயிற்று தெரியுமா? கிளம்பவே இல்லை. ஏன் கிளம்பவில்லை என்று கேட்டதற்கு உன் மகள் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: "அத்தை, நான் முதலாளி பாஸ்வேர்டுல உள்ள வந்துட்டேன். முதலாளியா வந்தா இது ஓட மாட்டேங்கும். பாதுகாப்புக்காக அப்படி எழுதியிருக்காங்க. சாதாரண ஆளாத்தான் ஓட்டணும்."

"யாரு கண்ணு எழுதுனது?"

"வெளிநாட்டுல இருக்கறவங்க, பல பேரு."

"அவுங்க யாராச்சும் கம்பெனி நடத்தியிருக்கறாங்களா?"

என் இடம், என் கரண்டு, என் மெஷின், அதில் முதலாளிக்கு மட்டும் அனுமதி இல்லை. ஊர் பேர் இல்லாத ஒரு கூலிக்காரன் பேரைப் போட்டு உள்ளே போனதும், வாங்க சாமி என்று ஓடுகிறது. எந்தக் காலத்திலாவது எந்த லேத்தாவது என்னைப் பார்த்து, நீங்கள் சுவிட்ச் போட்டால் சுற்ற மாட்டேன் என்று சொன்னதுண்டா? சொன்னால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க மாட்டேனா? அந்த முதலாளி பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதையாவது கொடுத்தாளே.

சரி, ஓடத் தொடங்கியது. பாதியில் நின்றது. இடம் இல்லையாம். எவ்வளவு பெரிய டப்பா அது, அதற்குள் இடம் இல்லாமல் எப்படிப் போகும் என்று பார்த்தால் உள்ளே சைதன்யா கல்யாண வீடியோ உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இல்லை, பத்துப் பன்னிரண்டு. தம்பி, பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்க்க எனக்குத் தெரியாது, பென் டிரைவிலிருந்து புதிதாக இழுத்துப் போட்டுப் பார்க்கத்தான் தெரியும். பையன் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒரு தடவை இழுத்துப் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. "ஒரு கல்யாணம் போதும் அத்தை, மீதிய அழிச்சர்றேன்" என்றாள். ஒவ்வொன்றாக அழிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதில் நீ பந்தியில் இரண்டாம் தடவை இலை போட்டு உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இடம் வந்தது. மறுபடி ஓட்டினாள். இப்போது எல்லாம் பாஸ், ஒன்று மட்டும் ஃபெயில். மறுபடி ஓட்டினாள், எல்லாமே பாஸ். சரி முடிந்தது என்று நான் தேங்காய் உடைக்க எடுத்தால், எதற்கும் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று ஓட்டினாள். திரும்பவும் அதே ஒன்று ஃபெயில். ஒரு தடவை தேறுவதும் ஒரு தடவை தோற்பதுமாக இதென்ன பிழைப்பு? நம் ஃபோர்மேன் ஆறுச்சாமி வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத சாஸ்திரம் கிடையாது. "மெஷினுக்குப் பொட்டு வெச்சு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிப் போடலாமுங்க" என்றான். கம்ப்யூட்டருக்கு டயர் எங்கே இருக்கிறது நசுக்குவதற்கு என்று கேட்டேன். உடனே அடுத்த யோசனை: "இருநூத்துல ஒண்ணுதானுங்களே ஃபெயிலு, அப்படியே வெச்சு ஓட்டிப்போடலாமுங்க." இப்படித்தான் அவன் ஒரு பம்புக்கு சீல் கொஞ்சம் கசிகிறது, பரவாயில்லை என்று அனுப்பினான், வெள்ளகோவில்காரர் அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்கத் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டுப் போனார். அதைச் சொல்லி அவனை விரட்டினேன். நவ்யா திரும்பி என்னைப் பார்த்து, "அதேதான் அத்தை, அந்த ஒண்ணு ஏன்னு தெரியாம நான் வெக்க மாட்டேன்" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது, பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுப் பெண் பேசுகிற பேச்சு அது. ஆனால் அது நிலைத்தால்தானே.

அதற்கப்புறம் நாள் பூராவும் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபெயிலானதும் அந்த டேட்டாபேஸ் ஒரு தாள் மாதிரி எழுதிக் காட்டுகிறது, வரவேண்டியது இது, வந்தது இது என்று. அதைப் படித்துப் படித்துப் பார்க்கிறாள். மெமரி சரியில்லையோ என்றாள், கழற்றித் துடைத்து மாட்டினாள். நெட் வயர் சரியில்லையோ என்றாள், அதையும் மாற்றினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ வாரேன் அத்தை என்கிறாள், சோறு ஆறிப்போய்க் கட்டியாகிறது. டெஸ்டை ஓட விட்டுவிட்டு எழுந்துபோய் ரசத்தை மட்டும் குடித்துவிட்டு ஓடி வருகிறாள். திரும்பி வந்தால் ஃபெயில். நகராமல் உட்கார்ந்திருந்தால் பாஸ். "நான் எந்திரிச்சுப் போனா மட்டும் இது தோக்குது அத்தை" என்று என்னிடம் சொல்கிறாள். மெஷினுக்கு உன்மேல் அவ்வளவு பாசமா அம்மணி என்றேன்.

நேற்று டீ முடிந்து நான் வழக்கம்போல ஆபீசுக்குள் போனேன். அன்றைக்கென்று பார்த்து அவள் எழுந்து போகவில்லை. "தள்ளு கண்ணு, மணி வெக்கோணும்" என்றேன். முதலாளி பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்க் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளினேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? மணி வெக்கறேன்."

"எதுக்கு மணிய முன்னால வெக்கறீங்க?"

"கம்பெனி மணி எப்பவும் கால் மணி முந்திதான். உங்க மாமா மில்லுல இருந்தப்ப அங்கயும் அப்படித்தான். அப்பத்தான் ஆளுக நேரத்துக்கு வருவாங்க."

"தினமும் வெப்பீங்களா?"

தினமுமா என்று கேட்கிறாள். நெட் வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் என்னைக் கேட்காமல் தானாகவே மணியைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறது, ஆளுகள் விரல் வைத்து வருகைப் பதிவு செய்வதும் அதே மெஷினில்தான், நான் விட்டுவிடுவேனா? காலையில் ஒரு தடவை, டீக்கு அப்புறம் ஒரு தடவை, மத்தியானம் அவள் சாப்பிடப் போகும்போது ஒரு தடவை போய்த் திருத்தி வைக்கிறேன். இதைச் சொன்னதும் உன் மகள் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எனக்குப் பாடம் எடுத்தாள். அந்த டெஸ்ட், முதலில் ஒன்றை எழுதி மணியைக் குறித்துக்கொள்ளுமாம், அப்புறம் இன்னொன்றை எழுதி மணியைக் குறித்துக்கொள்ளுமாம். நடுவில் நான் முன்னால் தள்ள, நெட் பின்னால் இழுக்க, இரண்டாவதாக எழுதினது முதலாவதற்கு முன்னாலேயே எழுதினதாக ஆகிவிடுகிறதாம். "தம்பி மொதல்ல பொறந்து அக்கா அப்புறம் பொறந்த மாதிரி அத்தை. அது பாவம், கொழம்பிப்போயி ஃபெயிலுங்குது" என்றாள்.

பாவமாம்! தம்பி, நீயே நியாயம் சொல். நம் பம்பு வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தாங்குகிறது. சேற்றுத் தண்ணீர் வந்தாலும் இழுத்து ஊற்றுகிறது. குடியானவர்கள் அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வருஷக்கணக்காக எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அது முணுமுணுப்பதில்லை. உலகமெல்லாம் கூடி எழுதின ஒரு டேட்டாபேஸுக்குக் கேவலம் ஒரு கால் மணி நேரத்தைத் தாங்க முடியவில்லை. இதை எழுதினவர்கள் யாரும் கல்யாண வீட்டுக்குப் போனதே இல்லையா? பத்திரிகையில் போட்ட மணிக்கா அங்கே எல்லாம் நடக்கிறது? நம் ஆளுகள் இத்தனை வருஷமாக என் மணியில் வேலை பார்க்கவில்லையா? ஒருத்தனாவது குழம்பிப்போய் ஃபெயில் என்று எழுதி நீட்டினானா?

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். உன் மகள் எழுந்து நின்றுகொண்டு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "அத்தை, ஆபீஸ் மணி ஊர் மணியா இருந்தா நான் இருக்கறேனுங்க. இப்படித் தள்ளித் தள்ளி வெச்சா, இதுல எந்தப் பில்லும் எந்த வருகையும் நிசமா இருக்காது. அதை நான் நிசம்னு சொல்லிக் குடுக்க முடியாது." மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பேன். கோபம் முற்றினால் எனக்குத் தெலுங்கு வந்துவிடும், உனக்குத் தெரியும். தெலுங்கிலேயே சொன்னேன், அந்த மணி உங்க மாமா வைத்த மணி, அவர் கையால் வைத்ததில் இந்த ஷெட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், நேற்று வந்த ஒரு இனாம் சரக்குக்காக நான் அதை மாற்ற மாட்டேன், உனக்கு இஷ்டமில்லை என்றால் கிளம்பு என்று. சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நானும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

ஆகவே தம்பி, நீ கேட்ட முடிவை இதன்மூலம் தெரிவிக்கிறேன். உன் மகள் தேறவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. கொப்பரைக் களத்தில் கணக்கெழுத விடு. அங்கே உன் மணி என்னவோ அதுதான் அவளுக்கு மணி, அதில் எனக்குச் சம்பந்தமில்லை. வரும்போது வெறும் கையை வீசிக்கொண்டு வராதே, பத்துத் தேங்காயாவது கொண்டுவா, கடைத் தேங்காயில் சட்னி அரைத்து எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. தம்பி சம்சாரத்துக்கு என் ஆசிகள். கோவிந்தராஜப் பெருமாள் உங்கள் எல்லோரையும் நீண்ட ஆயுளோடும், எனக்குப் பதில் போடுகிற புத்தியோடும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
பிரியமுள்ள அக்காள்
ரங்கம்மாள்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தை ஒட்டி, கூரியரில் போட்டுவிட்டு வா என்று இன்று காலை ஆறுச்சாமியிடம் கொடுத்தேன். வாசலில் நவ்யாவின் பெட்டியைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டான். சொன்னேன். அவன் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஏனுங்கம்மா, கோவிச்சுக்காட்டி ஒண்ணு சொல்றனுங்க. அந்த மணி கால் மணி முந்தீங்கறது எல்லாத்துக்குமே தெரியுமுங்க. கையில போன் இருக்குதுங்களே. அம்மா மணி, ஊர் மணின்னு நாங்க ரெண்டு வெச்சிருக்கறமுங்க. காலையில அம்மா மணிக்கு வாரமுங்க, சாயங்காலமும் அம்மா மணிக்கே கெளம்பிப்போடறமுங்க. முந்தி வந்தத முந்திப் போயிச் சரிக்கட்டிக்கறதுதானுங்க."

"எத்தனை நாளா?"

"ஐயா காலத்துல இருந்தேதானுங்க. ஐயாவுக்கும் தெரியுமுங்க. அவுங்க கையில கட்டியிருந்தது ஊர் மணிதானுங்களே."

தம்பி, இத்தனை வருஷமாக அந்தக் கடிகாரத்தை நம்பினது இந்த ஷெட்டில் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அந்த டேட்டாபேஸ். அதுவாவது நம்ப முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லியது.

கடிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். "மணிய உன் இஷ்டத்துக்கு வெச்சுக்க" என்று நவ்யாவிடம் சொன்னேன். ஊர் மணியை வைத்தாள், டெஸ்டை ஓட்டினாள், நான் நகராமல் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் பாஸ். இரண்டாவது தடவையும் பாஸ். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, தூசி என்றேன். அப்புறம் அவள், "புரோகிராம் எப்படி எழுதோணும்னு எழுதி வெச்சுடறேன் அத்தை, வேற யாரு வந்தாலும் செய்யலாம். நீங்க சொன்னாப்பல நான் கெளம்பறேனுங்க" என்று பெட்டியை எடுத்தாள். இரு கண்ணு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, "பஸ்ல கூட்டமா இருக்கும், உங்கப்பன் ஞாயித்துக்கெழம வாரான், அது வரைக்கும் இரு" என்பது.

ஆகையால் மேலே எழுதினது ஒன்றையும் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசு வராததால் அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வந்து, அக்கா ஒத்தையா இருக்கறா, இந்தக் கம்பெனிய நீதான் பாக்கோணும், நீ இங்கயே இரு என்று உன் வாயால் அவளிடம் சொல்லி, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போ. உனக்கு இத்தனை நாள் நான் எவ்வளவோ செய்திருக்கிறேன், இந்த ஒன்றைச் செய். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.